‘வம்சத்துலயே உண்டு’ என்று விட்டுவிட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெல்லைச் சீமையில் சர்க்கரை, ரத்த அழுத்தம், மாரடைப்பு என்று பேச்சு எழுந்தால் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் காதில் விழும். ‘எங்க வம்சத்துலயே உண்டு அண்ணாச்சி, எனக்கும் வரத்தான் செய்யும்’ என்பது ஒன்று. ‘எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் பீடி குடிச்சாரு, ஒண்ணும் ஆகலயே’ என்பது இன்னொன்று. முதலாவது பயத்தில் வருவது, இரண்டாவது தைரியத்தில் வருவது. ஆனால் இரண்டும் கொண்டுபோய் விடும் இடம் ஒன்றுதான்: நம் கையில் ஒன்றுமில்லை, எல்லாம் பிறப்பிலேயே எழுதியாகிவிட்டது. இந்த எண்ணத்தால் காலம் கடந்து மருத்துவமனைக்கு வருகிறவர்கள் ஏராளம். ஆகவே எந்த நோயில் மரபணுவின் கை ஓங்கியிருக்கிறது, எதில் அன்றாடப் பழக்கத்தின் கை ஓங்கியிருக்கிறது, என்ன அளவில் என்ன செய்யலாம் என்று சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் உள்ளதை ஒப்புக்கொள்வோம். பெற்றோரில் ஒருவருக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருந்தால் பிள்ளைக்கு வாழ்நாளில் அது வரும் வாய்ப்பு ஏறக்குறைய 40 சதவீதம். இருவருக்கும் இருந்தால் 70 சதவீதத்தை நெருங்கும். சின்ன எண்கள் இல்லை. ஆனால் அந்த எண்ணுக்குள் மரபணு மட்டும் இருக்கவில்லை. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவதில் உலையில் போடும் அரிசியின் அளவும், தாளிக்க ஊற்றும் எண்ணெயும், இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டு உடனே படுக்கும் வழக்கமும், தெருமுனைக் கடைக்கும் பைக்கில் போகும் பழக்கமும் சேர்ந்தே இருக்கின்றன. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் வெளியான ஒரு கணக்கு, கணவன் மனைவியில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு 26 சதவீதம் கூடுகிறது என்றது. தம்பதிக்குள் பொதுவாக இருப்பது அடுப்படிதான். (நம் பக்கத்தில் மாமன் மகளையும் அத்தை மகனையும் முடிப்பதால் தம்பதிக்குள் ரத்த உறவும் இருப்பதுண்டு, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.)

சென்னை நகரில் 1989-ல் பெரியவர்களில் 8.3 சதவீதம் பேருக்கு இருந்த சர்க்கரை நோய், 2004 வாக்கில் 14.3 சதவீதமாகிவிட்டது. பதினைந்து ஆண்டுகளில் ஒரு மக்கள் கூட்டத்தின் மரபணு மாறிவிடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோயும், 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாகச் சொன்னது. தாமிரபரணிப் பாசனத்தில் என்ன மாறியது என்று எல்லாருக்கும் தெரியும். நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்தது, வரப்பில் நடந்தவர் வண்டியில் போகிறார், குடத்தில் சுமந்த தண்ணீர் குழாயில் வருகிறது. இவை வேண்டாத மாற்றங்கள் என்று சொல்லவில்லை. இடுப்பொடியும் வேலை யாருக்கும் இனிப்பதில்லை. ஆனால் வயலில் எட்டு மணி நேரம் நின்ற உடம்புக்கு வடித்த அதே அளவு சோறு, கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் உடம்புக்கும் போகிறது.

மரபணுவையும் பழக்கத்தையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்க இரட்டையர்களே நல்ல வழி. 1870 முதல் 1900 வரை டென்மார்க்கில் பிறந்த 2,872 ஜோடி இரட்டையர்களின் ஆயுளை ஒப்பிட்டு 1996-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஆயுளில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் மரபணுவின் பங்கு ஆண்களுக்கு 26, பெண்களுக்கு 23 சதவீதம் என்று அதில் தெரிந்தது. ஏறக்குறைய கால் பங்கு. மீதி முக்கால் பங்கும் நம் கையில் இருக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. தொற்றும் விபத்தும் வறுமையும் அதில் உண்டு. பின்லாந்தில் முப்பது வயதைத் தாண்டிய ஆண்களில், ஒரே கருவிலிருந்து பிறந்த 10 ஜோடி இரட்டையர்களை எடுத்தார்கள். ஜோடியில் ஒருவர் கடந்த மூன்றாண்டுகளாக உடற்பயிற்சி செய்து வந்தவர், மற்றவர் விட்டுவிட்டவர். இருவருக்கும் மரபணு ஒன்றுதான். ஆனால் பயிற்சி செய்தவரின் உடலில் கொழுப்பு குறைவாகவும், இன்சுலின் வேலை செய்யும் திறன் கூடுதலாகவும் இருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் இருவருக்கும் ஒரே மரபணு என்பதால் வேறுபாட்டைப் பரம்பரை மேல் போட வழியில்லை.

அமெரிக்காவில் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 3,234 பேரிடம் நடந்து 2002-ல் முடிவு வெளியான ஆய்வு எங்கள் துறையில் எல்லாரும் அறிந்தது. எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்தில் 150 நிமிடம் நடப்பது என்ற இரண்டையும் கடைப்பிடித்தவர்களிடம் நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களிடம் 31 சதவீதம். பிறகு அதே ஆட்களின் மரபணுவைப் பார்த்து 2006-ல் எழுதினார்கள். சர்க்கரை நோயோடு வலுவான தொடர்புள்ள டிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவின் ஆபத்தான வடிவத்தைத் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பெற்றவர்கள், ஒன்றும் செய்யாதிருந்த குழுவில் மற்றவர்களைவிட அதிகமாக நோய்க்குள் விழுந்தார்கள். நடந்து எடை குறைத்த குழுவில் அந்தக் கூடுதல் ஆபத்து பெரும்பாலும் மங்கிப்போயிருந்தது. ‘வம்சத்துலயே உண்டு’ என்கிறவருக்கு இதைவிடத் தெம்பான செய்தி இல்லை.

வெள்ளைக்காரர் உடம்புக்குப் பொருந்துவது நமக்குப் பொருந்துமா என்று கேட்பது நியாயம். சென்னையில் 531 பேரிடம் நடந்து 2006-ல் வெளியான ஆய்வு அதற்குப் பதில் சொல்கிறது. சும்மா இருந்தவர்களில் மூன்றாண்டில் 55 சதவீதம் பேர் சர்க்கரை நோயாளிகள் ஆனார்கள். உணவிலும் நடையிலும் மாற்றம் செய்தவர்களில் 39 சதவீதம். பலன் அமெரிக்க அளவுக்கு இல்லை, நம்மவர் நோய்க்குள் விழும் வேகமும் அதிகம். அதில் மரபின் பங்கும் இருக்கலாம். ஆனால் இன்னொன்றைக் கவனியுங்கள். சென்னைக் குழுவில் எடை சொல்லும்படி குறையவே இல்லை, இருந்தும் நோய் குறைந்தது. ‘ரெண்டு மாசமா நடக்கேன், ஒரு கிலோகூட குறையல’ என்று நடையை நிறுத்துகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். எடை இயந்திரம் காட்டாத நன்மை தசையில் நடந்துகொண்டிருக்கிறது.

என்ன நன்மை? தசை சுருங்கும்போது ‘குளூட்-4’ என்ற புரதம் தசைச் செல்லின் மேற்பரப்புக்கு வந்து ரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளே இழுக்கிறது. இதற்கு இன்சுலின் தேவையில்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பிலும் இந்த வழி திறந்தே இருக்கும். தவிர, ஒரு தடவை நன்றாக நடந்தால் இன்சுலினுக்குத் தசை காட்டும் இணக்கம் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் கூடுதலாக இருக்கும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு ஆறு நாள் இருப்பதைவிட, தொடர்ந்து இரண்டு நாள் நடை விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது மேல்.

மாரடைப்பிலும் கதை இதேதான். 55,000-க்கும் மேற்பட்டவர்களின் மரபணுவையும் பழக்கத்தையும் சேர்த்துப் பார்த்து 2016-ல் வெளியான ஆய்வில், மரபணு ஆபத்து மிக அதிகமாக இருந்தவர்களுக்குள்ளேயே நல்ல பழக்கம் உள்ளவர்களுக்கு இதய நோய் 46 சதவீதம் குறைவாக இருந்தது. நல்ல பழக்கம் என்று கணக்கில் எடுத்தவை நான்கே நான்கு: புகை இல்லை, உடல்பருமன் இல்லை, ஒழுங்கான உடற்பயிற்சி, சரியான உணவு. அவற்றில் மூன்று இருந்தாலே அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள்.

பீடி குடித்த தாத்தாவுக்கு வருவோம். அவர் தொண்ணூறைத் தொட்டது உண்மையாக இருக்கலாம். அவரோடு பீடி குடித்து ஐம்பத்தைந்திலும் அறுபதிலும் போய்ச் சேர்ந்தவர்களை யாரும் உதாரணம் காட்டுவதில்லை. பிரிட்டனில் 34,439 ஆண் மருத்துவர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004-ல் எழுதினார்கள்: விடாமல் புகைத்தவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாக 10 ஆண்டு முன்னதாக இறந்தார்கள். 60 வயதில் விட்டவருக்கு 3 ஆண்டு, 50-ல் விட்டவருக்கு 6, 40-ல் விட்டவருக்கு 9 ஆண்டு திரும்பக் கிடைத்தது. அறுபது வயதிலும் விடுவதற்கு அர்த்தம் இருக்கிறது.

ஆனால் எல்லாவற்றையும் நடையும் கீரையும் சரிசெய்துவிடும் என்று எழுதினால் அது பொய். மரபணு கட்டளையிடும் நோய்கள் உண்டு. ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா, ரத்தச் சோகை தரும் தலசீமியா போன்றவை பழக்கத்தால் வருவதுமில்லை, பழக்கத்தால் போவதுமில்லை. குழந்தைகளுக்கு வரும் முதல் வகைச் சர்க்கரை நோய் உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தைத் தாக்குவதால் வருவது. ‘மிட்டாய் வாங்கிக் கொடுத்தே கெடுத்துட்டா’ என்று அந்தத் தாயைக் குற்றம் சொல்வது கொடுமை. அந்தக் குழந்தைக்கு இன்சுலின்தான் உயிர், அதை நிறுத்தச் சொல்லும் எந்த யோசனையையும் கேட்க வேண்டாம்.

இவற்றுள் நம் ஊரில் அதிகம் கவனிக்கப்படாதது பரம்பரைக் கொழுப்பு நோய். ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இது இருக்கும். எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு 190-க்கு மேல் இருக்கும், ஆள் ஒல்லியாக இருப்பார், சைவமாகக்கூட இருப்பார். குதிகாலுக்கு மேலுள்ள நரம்பு என்று நாம் சொல்லும் அந்தத் தடித்த நாண் இரு விரலால் பிடித்துப் பார்க்கும்போது வழக்கத்தைவிடப் பருமனாகத் தட்டுப்படும். இமையோரம் மஞ்சள் படிவு தெரியலாம். 45 வயதுக்குள் கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் தெரியலாம். சிகிச்சை எடுக்காத ஆண்களில் பாதிப்பேருக்கு 50 வயதுக்குள் இதய நோய் வரும். பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் வரும் வாய்ப்பு சரிபாதி. இவர்களுக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தேவை, பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க. ‘தினமும் ஒரு மணி நேரம் நடக்கேன், மாத்திரை எதுக்கு’ என்று இவர்கள் நிறுத்துவதுதான் ஆபத்து. நடை இவர்களுக்கும் நல்லது, ஆனால் மாத்திரையின் வேலையை அது செய்யாது.

சொந்தத்தில் முடிப்பது பற்றியும் ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டும். தாய்மாமனும் அக்கா மகளும் 25 சதவீத மரபணுவைப் பகிர்கிறார்கள். மாமன் மகளும் அத்தை மகனும் 12.5 சதவீதம். இருவரும் ஒரே குறையை மறைவாகச் சுமந்திருந்தால், குழந்தைக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து நோயாக வெளிப்பட 25 சதவீத வாய்ப்பு ஒவ்வொரு பிரசவத்திலும் உண்டு. எந்தத் தம்பதிக்கும் பிறவிக் குறையுள்ள குழந்தை பிறக்க 2 முதல் 3 சதவீத வாய்ப்பு இருக்கிறது. மாமன் மகள், அத்தை மகன் உறவில் இன்னும் 2 முதல் 3 சதவீதம் அதனோடு சேரும். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே முடித்த குடும்பங்களில் இதைவிடக் கூடுதலாகும். ஏற்கெனவே காது கேளாமையோ, தசை நலிவோ, காரணம் தெரியாத சிசு மரணமோ நடந்த குடும்பமானால், நிச்சயம் செய்வதற்கு முன்பே மரபியல் ஆலோசனை பெறுவது நல்லது. ஆனால் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு வகிப்பதால் அங்கே கணக்கு வேறு. இரண்டையும் ‘பரம்பரை நோய்’ என்ற ஒரே பெயரில் சொல்வதால்தான் குழப்பம்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். உடற்பயிற்சியின் பலனிலும் பரம்பரை விளையாடுகிறது. 98 குடும்பங்களைச் சேர்ந்த 481 பேருக்கு 20 வாரம் ஒரே அளவு சைக்கிள் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வில், சிலருக்கு மூச்சுத் திறன் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஆக்சிஜன் அளவுக்குக் கூடியது, சிலருக்கு ஏறக்குறைய ஒன்றுமே கூடவில்லை. வேறுபாட்டில் ஏறத்தாழ பாதி குடும்பவழி வந்தது. ஆகவே கூட நடக்கும் நண்பருக்கு மூன்று மாதத்தில் இடுப்பு குறைந்து நமக்குக் குறையாவிட்டால் சோம்பேறித்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மூச்சுத் திறன் கூடாதவருக்கும் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ குறையலாம். ஒன்றில் பலன் தெரியாவிட்டால் மற்றதில் பார்க்க வேண்டும்.

இனி செய்ய வேண்டியது. மரபணுப் பரிசோதனை என்று எச்சிலை அனுப்பி ஆயிரக்கணக்கில் பணம் கட்டும் விளம்பரங்கள் இப்போது கைபேசியில் நிறைய வருகின்றன. சாதாரணச் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு அதில் புதிதாகத் தெரிந்துகொள்ள அதிகம் இல்லை. காசில்லாத பரிசோதனை வீட்டிலேயே இருக்கிறது. ஒரு தாளில் மூன்று தலைமுறையை எழுதுங்கள்: தாத்தா பாட்டி இரு பக்கமும், பெற்றோர், பெரியப்பா சித்தப்பா, அத்தை மாமா, உடன்பிறந்தோர். ஒவ்வொருவருக்கும் என்ன நோய், எந்த வயதில் வந்தது என்று குறிக்க வேண்டும். வயதுதான் முக்கியம். எழுபத்தெட்டு வயதில் தாத்தாவுக்கு வந்த மாரடைப்பு பெரிய சேதி இல்லை. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்குள், அம்மாவுக்கோ அக்காவுக்கோ 65 வயதுக்குள் வந்திருந்தால் அது எச்சரிக்கை. ஒல்லியாக இருப்பவருக்கு 25 வயதுக்குள் சர்க்கரை வந்து, தலைமுறைதோறும் அப்படியே தொடர்ந்தால், ஒற்றை மரபணுவால் வரும் தனிவகையாக இருக்கலாம். அதில் சிலருக்கு இன்சுலின் தேவையே இல்லை, மாத்திரை போதும். மார்பகம் அல்லது சினைப்பைப் புற்றுநோய் ஐம்பது வயதுக்குள் ஒன்றுக்கு மேற்பட்டவருக்கு வந்த குடும்பத்திலும் மரபணுப் பரிசோதனைக்கு உண்மையான பயன் உண்டு. அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால் 25 வயதிலேயே பரிசோதிக்கத் தொடங்கலாம். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, அல்லது மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) 5.7 முதல் 6.4 வரை இருந்தால் முந்தைய நிலை. வெறும் வயிற்றில் 126-ஐயோ, சராசரி 6.5-ஐயோ தொட்டால் சர்க்கரை நோய். முந்தைய நிலைதான் பொன்னான நேரம். மேலே சொன்ன அமெரிக்க ஆய்வும் சென்னை ஆய்வும் அந்தக் கட்டத்தில் நடந்தவை. இடுப்பளவையும் எடுங்கள், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80-ஐயும் தாண்டக் கூடாது. பேண்ட் அளவைப் பார்த்துச் சொல்லக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் நாடாவை வைக்க வேண்டும். கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய உடல்வாகு நம்மவரிடம் அதிகம். எடை சரியாகவே இருக்கும், கல்லீரலைச் சுற்றிக் கொழுப்பு ஏறியிருக்கும்.

நடையில் பலரும் தவறவிடுவது வேகத்தை. பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் காலையில் நடப்பவர்களைப் பார்த்தால் பாதிப்பேர் அரசியல் பேசிக்கொண்டு உலாத்துவது தெரியும். நிமிடத்துக்கு 100 காலடி வேண்டும். 15 விநாடிக்கு எத்தனை அடி என்று எண்ணுங்கள், 25 வந்தால் சரி. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வாரத்துக்கு 150 நிமிடம் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்த அளவு, 300 வரை போகலாம். இந்தியர்களுக்கு நாளுக்கு 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்று நம் நாட்டு நிபுணர்கள் வகுத்திருக்கிறார்கள்: அரை மணி நேரம் வேக நடை, கால் மணி நேரம் வேலையோடு சேர்ந்த உழைப்பு, கால் மணி நேரம் தசைப் பயிற்சி. இதுவரை நடக்காதவர் முதல் இரண்டு வாரம் காலையும் மாலையும் 10 நிமிடம் மட்டும் நடக்கட்டும், பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டட்டும். முதல் நாளே வண்ணார்பேட்டையிலிருந்து டவுனுக்கு நடந்தால் மூன்றாம் நாள் குதிகால் வலி வந்து நடையே நின்றுபோகும். சாப்பிட்டு முடித்தபின் 10 முதல் 15 நிமிடம் வீட்டு வாசலில் நடப்பது, அந்த வேளைச் சோற்றால் ஏறும் சர்க்கரையை நேரடியாகக் குறைக்கும்.

தசைப் பயிற்சியைப் பெண்களும் வயதானவர்களும் அறவே செய்வதில்லை. நாம் சாப்பிடும் மாவுச்சத்து பெரும்பகுதி போய்ச் சேரும் இடம் தசைதான். நாற்பதுக்கு மேல் தசை ஆண்டுதோறும் கரைகிறது. ஜிம் வேண்டாம். கைப்பிடியில்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டி வைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து உட்காருங்கள். எழும்போது மூச்சை விட வேண்டும். மூச்சைப் பிடித்தால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். முழங்கால்கள் உள்பக்கம் சரியக் கூடாது. 8 முதல் 12 தடவை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. அடுத்தது, சுவருக்கு ஒரு கையளவு தள்ளி நின்று கைகளை ஊன்றி மார்பைச் சுவருக்குக் கொண்டுபோய்த் தள்ளுவது. மூன்றாவது, அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. நான்காவது, மஞ்சள் பையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டைப் போட்டு, முன்னால் லேசாகக் குனிந்து முழங்கையை மடக்கிப் பையை இடுப்பு வரை இழுப்பது. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள் போதும். கடைசி இரண்டு தடவை சிரமமாக இருந்தால்தான் தசைக்கு வேலை. 12 தடவை சுலபமாகிவிட்டால் எடையைக் கூட்ட வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள்; ஆறு மாதமாக அதே எடையைத் தூக்கினால் உடம்பு மாற வேண்டிய அவசியமே இல்லை.

மேலப்பாளையத்திலும் முக்கூடல், ஆலங்குளம் பக்கங்களிலும் பீடி சுற்றும் பெண்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். மடியில் தட்டை வைத்துக்கொண்டு, கழுத்தைக் குனிந்து, ஆயிரம் பீடிக்குக் கூலி என்ற கணக்கில் காலையிலிருந்து இருட்டும் வரை உட்கார்ந்திருப்பவர்கள். பத்தமடையில் பாய் நெய்பவர்கள் நிலையும் அதுவே. இவர்களிடம் போய் மைதானத்தில் நட என்பது நடைமுறைக்கு உதவாது. அரை மணிக்கு ஒரு தடவை தட்டை இறக்கிவைத்து எழுந்து, தூணைப் பிடித்துக் குதிகாலை 20 தடவை உயர்த்தி இறக்கி, வாசல் வரை ஒரு நடை போய்வரட்டும். இரண்டு மூன்று நிமிடம்தான். நீண்ட நேரம் அசையாமல் இருப்பதால் சாப்பாட்டுக்குப்பின் ஏறி நிற்கும் சர்க்கரையை இந்தச் சிறு இடைவெளிகள் குறைக்கின்றன. உட்காரும் பலகையை நாலு விரல் உயர்த்தி, முதுகைச் சுவரில் சாய்த்து, தட்டுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் கழுத்தும் இவ்வளவு குனியாது. புகையிலைத் தூள் ஒட்டிய கையோடு சாப்பாட்டைத் தொடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம்.

உணவில் ஒன்றிரண்டு மட்டும். அம்பை 16 அரிசியானாலும் பொன்னியானாலும் நூறு கிராம் அரிசியில் ஏறக்குறைய 78 கிராம் மாவுச்சத்துதான். ஒரு வேளைக்கு 75 கிராம் அரிசி, அதாவது வெந்த சோறு சுமார் 200 கிராம், உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்குப் போதும். தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ, கால் பங்கு சோறு. நம் ஊர் உளுந்தஞ்சோறு இதற்குக் கைகொடுக்கும். தோலோடு கறுப்பு உளுந்தைக் கூட்டி அரிசியைக் குறைத்து, எள்ளுத் துவையலும் நிறைய அவியலும் வைத்தால் வெறும் சோற்றைவிடச் சர்க்கரை மெதுவாக ஏறும். கருப்பட்டி போட்டால் சர்க்கரை ஏறாது என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். கருப்பட்டியிலும் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ்தான். ஏறும். கேழ்வரகைத் தூளாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தாலும் வேகமாகவே ஏறும். அல்வா நூறு கிராமில் 350 கலோரிக்கு மேல் இருக்கும். 65 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது 140 கலோரி. நடந்துவிட்டுத் திரும்பும்போது அல்வா வாங்கித் தின்பவருக்கு எடை ஏன் குறையவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. எடை குறைவது பெரும்பாலும் தட்டில்தான் நடக்கிறது.

தவறுகள் நடக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறோம். கிளிமிபிரைட், கிளிபென்கிளமைட் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வெறும் வயிற்றில் நடக்கக் கூடாது. சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். நடுவில் கை நடுங்கி வியர்த்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து 15 நிமிடம் உட்கார வேண்டும். அந்த நேரத்தில் அல்வாவோ சாக்லேட்டோ கொடுப்பது தவறு, நெய்யும் கொழுப்பும் சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்தப் பயம் பெரும்பாலும் இல்லை.

பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. சித்திரை வெயிலில் தார்ச்சாலையும் கோயில் பிராகாரத்துக் கல்லும் அவர்கள் காலைச் சுடுவது அவர்களுக்கே தெரியாது. கொப்புளம் புண்ணாகி, புண் சீழ் பிடித்து விரலை எடுக்கும் நிலைக்குப் போகும். நெல்லையிலிருந்து திருச்செந்தூருக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பாதயாத்திரை போகிறவர்களில் சர்க்கரை நோயாளிகள் பலர் உண்டு. நேர்த்திக்கடனைத் தடுக்கச் சொல்லவில்லை. எட்டு வாரத்துக்கு முன்பே நடையைக் கூட்டிப் பழகி, எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பும் பருத்திக் காலுறையும் போட்டு, தங்கும் இடந்தோறும் பாதத்தைக் கண்ணாடியில் பார்த்து, மாத்திரை அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு போகலாம். முருகன் சந்நிதிக்குள் மட்டும் செருப்பைக் கழற்றினால் போதும்.

நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், தாடையிலோ இடது கையிலோ வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு வந்தால் அந்த இடத்திலேயே நின்று 108-ஐ அழைக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் குளிர்ந்த வியர்வையும் அசதியும் மட்டும் வரலாம். ‘வாயு’ என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துவிடக் கூடாது. முழங்கால் தேய்ந்தவர்கள் நடையைக் குறைத்துச் சைக்கிளுக்கு மாறலாம். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி 10 விநாடி பிடித்து இறக்குவதை ஒரு காலுக்கு 10 தடவை செய்தால் தொடைத் தசை வலுப்பெற்று முழங்காலின் பாரம் குறையும். பங்குனி முதல் வைகாசி வரை ஏழரை மணிக்குள் நடந்து முடித்துவிட வேண்டும்.

தங்கள் நாளிதழ் மூலம் இரண்டு வேண்டுகோள்கள். பெண்கள் பொது மைதானத்தில் நடக்கத் தயங்குவதற்கு வெளிச்சமும் கழிப்பறையும் இல்லாததே பெரிய காரணம். மைதானங்களிலும் ஆற்றங்கரைச் சாலைகளிலும் காலை ஐந்து முதல் ஏழு வரையும், மாலை ஆறு முதல் எட்டரை வரையும் விளக்கு எரியவும், திறந்திருக்கும் கழிப்பறை ஒன்றாவது இருக்கவும் உள்ளாட்சி அமைப்புகள் ஏற்பாடு செய்ய வேண்டும். இரண்டாவது, பீடிக்கடைகளில் பெண்கள் சரக்கை ஒப்படைக்க வாரந்தோறும் வரிசையில் காத்திருக்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளர்கள் அந்த நாளில் அங்கேயே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, இடுப்பளவு எடுத்து, பெற்றோருக்கு என்ன நோய் எந்த வயதில் வந்தது என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டு எழுதிக்கொண்டால், ஒரு நாள் கூலியை இழக்காமல் அவர்களுக்குப் பரிசோதனை முடிந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு பொது மருத்துவரும் ஓர் இயன்முறை மருத்துவரும்,
பாளையங்கோட்டை.